நஞ்சுக்கொடியில இருந்து வர்ற பிபி: வீட்டுல எப்படி கவனிக்கிறது, எப்போ கிளம்பணும்

எங்க அக்காவுக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு நடந்தப்ப கண்ணாடி வளையல் கையில ஏறவே இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி அவ கைக்கு அளவு பாத்து வாங்கின சைஸ்தான். சோப்பு நுரை போட்டு பாத்தாங்க, அப்புறம் கையில பிளாஸ்டிக் கவர் மாட்டி அதுமேல வழுக்கி ஏத்துனாங்க, அதுலயும் நாலு வளையல் உடைஞ்சிருச்சு. கால் விரல்ல மெட்டி சதைக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. பெரியம்மா பாத்துட்டு, "நீர் கோத்திருக்குடி, புள்ளத்தாச்சின்னா அப்படித்தான், பார்லி கஞ்சி குடு"ன்னாங்க, நாங்களும் குடுத்தோம். அதுக்கு மூணு நாள் முன்னாடி செக்கப்ல பிபி 138/90 வந்திருந்துச்சு. பாத்தவங்க "கொஞ்சம் டென்ஷனா இருக்கீங்க போல, ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பத்து நாள் கழிச்சு ராத்திரி ஒரு மணிக்கு நெத்தி பொளக்குற தலைவலி, கண்ணு முன்னாடி மின்மினிப்பூச்சி பறக்குற மாதிரி இருக்குன்னா. மாமா கார எடுத்துட்டு ஆஸ்பத்திரி போய் சேர்ந்தப்ப பிபி 170/116. அடுத்த நாள் சாயங்காலம் ஆபரேஷன், பையன் 1 கிலோ 350 கிராம். இப்ப அவன் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான், நல்லா இருக்கான், ஆனா அந்த ராத்திரிய நான் மறக்கல.

அக்காவுக்கு வந்தது ப்ரீஎக்ளாம்ப்சியா, அதாவது கர்ப்பத்துல பிபி ஏறி மத்த உறுப்புகளையும் கெடுக்குற வியாதி. அதுக்கப்புறம்தான் இத பத்தி படிக்க ஆரம்பிச்சேன், எங்க வீட்டுல அடுத்து முழுகாம இருந்த ரெண்டு பேருக்கு நோட்டு போட்டு பிபி பாத்து குடுத்தேன். அதுல கத்துக்கிட்டத இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, மாத்திரை டோஸ் எல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான். ஆனா வீட்டுல எப்படி பாக்கணும், எந்த நம்பருக்கு எந்திரிச்சு ஓடணும்ங்கிறது வீட்டுல இருக்குற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல இது எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சுக்கோங்க, அது புரிஞ்சாதான் டென்ஷன், உப்பு, கோவம்னு பொண்ணு மேல பழி போடுறது நிக்கும். சென்னை மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல எம்பிபிஎஸ் படிச்சிட்டு அமெரிக்கா போன டாக்டர் அனந்த் கருமஞ்சின்னு ஒருத்தர் இருக்கார், அவர் பிரசவ டாக்டரே இல்ல, கிட்னி டாக்டர். இந்த வியாதியில கிட்னியில உள்ள சின்ன ரத்தக்குழாயோட உள்சுவர் வீங்கி, யூரின்ல புரதம் கசியும், அதனால கிட்னிக்காரங்க கண்ணுல இது பட்டது நியாயம்தான். பாஸ்டன்ல பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரியில அவரும் ஷாரன் மேனார்டும் இன்னும் சில பேரும் சேர்ந்து, இந்த வியாதி வந்த அம்மாக்களோட நஞ்சுக்கொடியையும் வராதவங்களோட நஞ்சுக்கொடியையும் வச்சு எந்த ஜீன் அதிகமா வேலை செய்யுதுன்னு ஒப்பிட்டு பாத்தாங்க. எஸ்எஃப்எல்டி-1னு ஒரு புரதம் வியாதி வந்த நஞ்சுக்கொடியில எக்கச்சக்கமா இருந்துச்சு. 2003ல அது வெளிய வந்துச்சு.

அந்த புரதம் என்ன பண்ணுதுன்னா, ரத்தக்குழாய் உள்சுவர ஆரோக்கியமா வச்சிருக்குற விஈஜிஎஃப், பிஎல்ஜிஎஃப்னு ரெண்டு புரதம் ரத்தத்துல சுத்திக்கிட்டிருக்கும், அதுங்கள வழியிலயே மடக்கி புடிச்சுக்கும். போய் சேர வேண்டிய எடத்துக்கு போகாததால அம்மா உடம்பு பூரா ரத்தக்குழாய் சுருங்குது, கசியுது. பிபி ஏறுறது, முகம் வீங்குறது, தலைவலி, ஈரல் கெடுறது எல்லாம் அங்கிருந்துதான். சினையா இருந்த எலிக்கு இந்த புரதத்த மட்டும் அதிகமாக்கி பாத்தாங்க, எலிக்கும் பிபி ஏறி யூரின்ல புரதம் போச்சு, கிட்னியில அதே வீக்கம் வந்துச்சு. இன்னும் ரெண்டு விஷயம் இதோட பொருந்தி வந்தது. கேன்சருக்கு விஈஜிஎஃப்ப தடுக்குற மருந்து எடுத்தவங்களுக்கும் பிபி ஏறி புரதம் கசிஞ்சுது. அப்புறம் இந்த புரதத்தோட ஜீன் இருக்குறது 13ம் குரோமோசோம்ல, வயித்துல உள்ள பிள்ளைக்கு அந்த குரோமோசோம் ரெண்டுக்கு பதிலா மூணு இருந்தா அந்த அம்மாவுக்கு இந்த வியாதி வர்றது அதிகம்னு ஏற்கனவே கவனிச்சு வச்சிருந்தாங்க.

நஞ்சுக்கொடி ஏன் இப்படி பண்ணுதுன்னா, ஆரம்ப மாசங்கள்ல நஞ்சுக்கொடியோட செல்கள் கர்ப்பப்பை சுவருக்குள்ள இறங்கி, அங்க சுருள் சுருளா இருக்குற சின்ன ரத்தக்குழாய்கள அகலமான வாய்க்காலா மாத்தணும். அது சரியா நடக்கலன்னா கடைமடை வயலுக்கு தண்ணி ஏறாத மாதிரிதான், நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பத்தாது. அதனால பிள்ளையும் எடை ஏறாம நிக்கும். அம்மாவுக்கு பிபி, பிள்ளைக்கு வளர்ச்சி குறைவுன்னு ரெண்டும் சேர்ந்து வர்றதுக்கு காரணம் இதுதான். அக்கா பையன் மாசத்துக்கு ஏத்த எடையவிட கம்மியா பொறந்தான், அவ சரியா சாப்பிடலன்னு சொந்தக்காரங்க ஆளாளுக்கு பேசுனாங்க. அவ சாப்பிட்டாதான். அந்த பேச்சு இன்னமும் அவ மனசுல இருக்கு.

நம்ம வேலைக்கு ரொம்ப முக்கியமானது 2004ல வந்துச்சு. கருமஞ்சி டீமும் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிலையத்துல இருந்த ரிச்சர்ட் லெவினும் சேர்ந்து, பழைய ஒரு கால்சியம் ஆராய்ச்சிக்காக எடுத்து ஃப்ரீசர்ல வச்சிருந்த கர்ப்பிணிகளோட ரத்தத்த திரும்ப எடுத்து அளந்தாங்க. வியாதி வெளிய தெரியுறதுக்கு ஏறக்குறைய அஞ்சு வாரம் முன்னாடியே அந்த புரதம் ஏற ஆரம்பிச்சிடுதுன்னு தெரிஞ்சுது. அதாவது அக்கா மருதாணி வச்சுக்கிட்டு, மாங்கா தின்னுக்கிட்டு நல்லா சிரிச்சிக்கிட்டு இருந்த நாள்லயே உள்ள வேலை ஆரம்பிச்சிருக்கும். அந்த கட்டத்துல உடம்பு ஒண்ணும் சொல்லாது. அப்புறம் ஏறுறப்பவும் வீட்டுல நமக்கு முதல்ல கண்ணுல படுறது மெஷின்ல வர்ற நம்பர்தான்.

சரி, மெஷின். மேல்கையில கட்டுற டிஜிட்டல் மெஷின் வாங்குங்க, மணிக்கட்டுல கட்டுறது வேணாம். வாங்கும்போது கர்ப்பிணிகளுக்கு சோதிச்சு பாத்த மாடலான்னு கேளுங்க, ஏன்னா சில மெஷின் இந்த வியாதியில உண்மைய விட குறைச்சு காட்டும். கடையில தெரியலன்னாங்கன்னா, அடுத்த செக்கப்புக்கு மெஷின கையோட கொண்டு போய் டாக்டர் பாக்குற மெஷின்லயும் இதுலயும் ஒரே நேரத்துல பாத்து வித்தியாசம் எவ்வளவுன்னு நோட்டுல எழுதிக்கோங்க. மேல்கையில சுத்துற பட்டியோட சைஸ் ரொம்ப முக்கியம். தையல்காரர் டேப்பால மேல்கை நடுவுல சுத்தி அளங்க. 22ல இருந்து 32 சென்டிமீட்டர்னா கூட வர்ற பட்டி போதும், அதுக்கு மேலன்னா பெரிய பட்டி தனியா வாங்கணும். பட்டி சின்னதா இருந்தா இல்லாத பிபிய காட்டும், தொளதொளன்னு பெருசா இருந்தா இருக்குறத மறைக்கும்.

பாக்குற விதம். டீ காபி குடிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கணும், யூரின் போயிட்டு வந்து உக்காரணும். முதுகு சாயுற மாதிரி நாற்காலி, ரெண்டு காலும் தரையில, கால் மேல கால் போடக்கூடாது, சம்மணமும் வேணாம். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க, போன் பாக்காம. கைய டேபிள்ல வைங்க, பட்டி கட்டுன எடம் நெஞ்சு உயரத்துக்கு வரணும், டேபிள் தாழ்வா இருந்தா ஒரு தலகாணி வைங்க. ஜாக்கெட் கை, நைட்டி கை மேல கட்டாதீங்க, சுருட்டி ஏத்திவிட்டா அது கைய இறுக்கும் அதனால கழட்டிடுங்க. ஓடிக்கிட்டிருக்கும்போது பேசக்கூடாது, பக்கத்துல இருக்குறவங்களும் பேச்சு குடுக்கக்கூடாது. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவ பாருங்க, ரெண்டையும் எழுதுங்க. முதல் நாள் மட்டும் ரெண்டு கையிலயும் பாத்துட்டு எதுல அதிகம் வருதோ அந்த கையிலயே எப்பவும் பாருங்க.

ஒரு தப்பு நிறைய வீட்டுல நடக்குது, எங்க வீட்டுலயும் நடந்துச்சு. பிபி அதிகமா வந்தா "இடது பக்கம் ஒருக்களிச்சு படு, அப்புறம் பாக்கலாம்"ன்னு படுக்க வச்சு வலது கையில பாப்பாங்க. அந்த கை அப்ப நெஞ்சுக்கு மேல தூக்கி இருக்குறதால நம்பர் தானா குறைச்சலா காட்டும், "பாத்தியா இறங்கிருச்சு"ன்னு எல்லாருக்கும் நிம்மதி ஆயிடும். பிபி இறங்கல, கை மேல போச்சு அவ்வளவுதான். எப்பவும் உக்காந்தே பாருங்க.

நோட்டுல தேதி, நேரம், எத்தனாவது வாரம், மேல நம்பர், கீழ நம்பர், தலைவலி வீக்கம் ஏதாச்சும் இருந்தா அது. இவ்வளவு போதும். மூணாம் மாசம் முடியுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க, அவங்களோட சொந்த நம்பர் எதுன்னு தெரிஞ்சாதான் பின்னாடி ஏறுனது தெரியும். நடு மாசங்கள்ல பிபி இயல்பாவே கொஞ்சம் இறங்கும், கடைசி மாசங்கள்ல திரும்ப ஏறும், பயப்படாதீங்க. ஆனா ஆரம்பத்துல 100/64 இருந்தவங்களுக்கு 30 வாரத்துல 136/88 வந்தா அது 140க்கு கீழதானேன்னு விட்டுடாம டாக்டர்கிட்ட நோட்ட காட்டுங்க. 20 வாரத்துக்கு மேல, ஆபத்து அதிகம் உள்ளவங்க தினமும் காலையிலயும் சாயங்காலமும் பாக்கலாம், மத்தவங்க வாரத்துக்கு ரெண்டு தடவ பாத்தா போதும்னு நான் நினைக்கிறேன், டாக்டர் வேற சொன்னா அத கேளுங்க.

இப்ப நம்பர். மேல 140 இல்ல கீழ 90, ரெண்டுல எது வந்தாலும் கணக்குதான், ரெண்டும் சேர்ந்து வரணும்னு இல்ல. கால் மணி நேரம் உக்காந்து திரும்ப பாருங்க, அப்பவும் அப்படியே இருந்தா அன்னைக்கே டாக்டருக்கு சொல்லுங்க, நாளைக்கு செக்கப் இருக்கேன்னு காத்திருக்காதீங்க. மேல 160 இல்ல கீழ 110, ரெண்டுல எது வந்தாலும் அடுத்து பேச்சே இல்ல, கிளம்புங்க. நம்பர் எதுவா இருந்தாலும் கிளம்ப வேண்டிய அறிகுறிகள் இருக்கு. மாத்திரை போட்டும் போகாத தலைவலி, கண்ணு மங்குறது, மினுக் மினுக்குன்னு தெரியுறது, திடீர்னு முகமும் கையும் உப்புறது, மூச்சு வாங்குறது, பிள்ளை அசைவு குறையுறது. அப்புறம் வலது பக்க விலாவுக்கு கீழயோ நெஞ்சுக்குழியிலயோ வலி. இத நம்ம ஊர்ல கேஸ்னு சொல்லி ஓமத்தண்ணி குடுத்து படுக்க வச்சிடுவாங்க, ஆனா அது ஈரல் வீங்கி வர்ற வலியா இருக்கலாம், 20 வாரம் தாண்டுன கர்ப்பிணிக்கு அந்த எடத்துல வலின்னா பிபி பாக்காம ஓமத்தண்ணி குடுக்காதீங்க. கால் வீக்கம் மட்டும்னா நிறைய பேருக்கு வர்றதுதான். காலையில எந்திரிக்கும்போதே முகம் உப்பியிருந்தா, மோதிரம் கழட்ட வரலன்னா பிபி பாருங்க.

யூரின் டெஸ்ட் ஒவ்வொரு செக்கப்லயும் பண்ணுவாங்க, விட்டுட்டாங்கன்னா நீங்களே கேளுங்க. வீட்டுல யூரின்ல புரதம் பாக்குற குச்சி வச்சு பாக்குறதா இருந்தா முதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வர்றத புடிங்க, டப்பாவுல போட்டிருக்குற நேரத்துக்கு சரியா நிறத்த பாருங்க. வெள்ளைப்படுதல் கலந்தா பொய்யா காட்டும். 1+ வந்தாலே சொல்லிடுங்க. ஆனா யூரின் சுத்தமா இருக்குன்னு நிம்மதியாவும் இருக்காதீங்க, புரதம் இல்லாமலே ரத்தத்துல தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைஞ்சு, ஈரல் டெஸ்ட் கெட்டு இந்த வியாதி வரலாம், அதனாலதான் ரத்த டெஸ்ட்டும் எழுதுவாங்க.

தடுக்க வழி இருக்கான்னு எல்லாரும் கேப்பாங்க. முழுசா தடுக்க முடியாது, குறைக்க முடியும். முன்னாடி பிரசவத்துல இது வந்தவங்க, ரெட்டைப் பிள்ளை, ஏற்கனவே பிபி, சுகர், கிட்னி பிரச்சனை, லூபஸ் (எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்ப தாக்குற வியாதி) இருக்குறவங்க ஆபத்து அதிகம் உள்ளவங்க. முதல் பிரசவம், 35க்கு மேல வயசு, உடம்பு பருமன், அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருக்கறது, இதுல ரெண்டு மூணு சேர்ந்தாலும் டாக்டர் கணக்குல எடுப்பாங்க. இவங்களுக்கு குறைஞ்ச டோஸ் ஆஸ்பிரின் ஆரம்பத்துலயே குடுக்குறது பலன் தருது. லண்டன்ல கைப்ரோஸ் நிக்கொலைடிஸ் டீம் 2017ல வெளியிட்ட ஆராய்ச்சியில ஆபத்து அதிகம் உள்ளவங்களுக்கு 11ல இருந்து 14 வாரத்துக்குள்ள 150 மில்லிகிராம் ஆரம்பிச்சு 36 வாரம் வரைக்கும் ராத்திரி குடுத்தாங்க. 37 வாரத்துக்கு முன்னாடி வர்ற ப்ரீஎக்ளாம்ப்சியா, மருந்தில்லாத வெத்து மாத்திரை எடுத்தவங்கள்ல 4.3 சதவீதம், ஆஸ்பிரின் எடுத்தவங்கள்ல 1.6 சதவீதம். மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கி போடாதீங்க, ஆனா அக்காவுக்கு வந்துச்சுன்னு மூணாம் மாசத்துலயே டாக்டர்கிட்ட சொல்லி "எனக்கு ஆஸ்பிரின் வேணுமா"ன்னு கேளுங்க. 16 வாரம் தாண்டி ஆரம்பிச்சா அவ்வளவு பலன் கிடைக்காது. அக்காவோட நாத்தனாருக்கு இப்படித்தான் 12 வாரத்துல ஆரம்பிச்சோம்.

கால்சியம் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மா குடுக்குறாங்க, அத ஜன்னல்ல வச்சு காய விடாதீங்க. நம்ம சாப்பாட்டுல கால்சியம் கம்மி, அந்த மாதிரி எடத்துல அது இந்த வியாதிய குறைக்குதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. இரும்புச்சத்து மாத்திரையோட சேர்த்து போடாம வேற வேளையில போடுங்க. உப்ப நிறுத்துறது, பார்லி கஞ்சி, கட்டில விட்டு இறங்காம படுத்தே இருக்குறது இதெல்லாம் இந்த வியாதிய தடுக்காது. உப்பில்லாத சோத்த மூணு வாரம் சாப்பிட்டு அக்கா வாய் செத்துப்போச்சுன்னு அழுதா, ஒரு பிரயோஜனமும் இல்ல. கர்ப்பத்துக்கு முன்னாடி இருந்தே பிபி மாத்திரை போடுறவங்க, டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில் இதுல ஏதாச்சும் இருந்தா பிள்ளை தங்கிருச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே டாக்டர பாத்து மாத்திக்கோங்க, அது பிள்ளையோட கிட்னிய பாதிக்கும். லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோப்பா மாதிரி கர்ப்பத்துல குடுக்குற மருந்து இருக்கு.

கருமஞ்சி கண்டுபிடிச்சத வச்சு இப்ப ரத்த டெஸ்ட்டே வந்திருக்கு, எஸ்எஃப்எல்டி-1க்கும் பிஎல்ஜிஎஃப்க்கும் உள்ள விகிதம் பாப்பாங்க. 2016ல வந்த ஆராய்ச்சியில, சந்தேகம் இருக்குற கர்ப்பிணிக்கு இந்த விகிதம் 38 இல்ல அதுக்கு கீழ இருந்தா அடுத்த ஒரு வாரத்துக்கு ப்ரீஎக்ளாம்ப்சியா வராதுன்னு 99 சதவீதத்துக்கு மேல சரியா சொன்னுச்சு. அமெரிக்காவுல 2023 மே மாசம் இந்த மாதிரி டெஸ்ட் ஒண்ணுக்கு அரசு அனுமதி குடுத்தாங்க. நம்ம ஊர்லயும் பெரிய லேப்கள்ல கிடைக்குது. இத எல்லாரும் எடுக்கணும்னு இல்ல, பிபி இழுபறியா இருக்கு, அட்மிட் பண்ணலாமா வீட்டுக்கு அனுப்பலாமான்னு டாக்டர் யோசிக்கிற கட்டத்துலதான் இதோட பலன், அப்ப கேட்டு பாருங்க. ஆனா விகிதம் நல்லா வந்துச்சுன்னு பிபி பாக்குறத நிறுத்தாதீங்க.

வியாதி உறுதியாயிடுச்சுன்னா ஒரே முடிவு பிரசவம்தான், நஞ்சுக்கொடி வெளிய வந்தாதான் அடங்க ஆரம்பிக்கும். எப்போங்கிறதுதான் டாக்டரோட கஷ்டம், தீவிரம் இல்லன்னா 37 வாரம் வரைக்கும் இழுப்பாங்க, தீவிரமா இருந்தா 34லயோ அதுக்கு முன்னாடியோ எடுத்துடுவாங்க. அந்த நேரத்துல பிள்ளைக்கு நுரையீரல் பழுக்க ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க, வேணாம்னு சொல்லாதீங்க. வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் சல்ஃபேட் போடுவாங்க, இடுப்புல போடுறப்ப நெருப்பு மாதிரி எரியும், அக்கா கத்துனது வராண்டா வரைக்கும் கேட்டுச்சு. ஆனா 33 நாட்டுல 10,000 பேருக்கு மேல வச்சு 2002ல வந்த ஆராய்ச்சியில வலிப்பு வர்ற ஆபத்த அது பாதியா குறைச்சிருக்கு. பிள்ளைக்கு வளர்ச்சி ஸ்கேன், டாப்ளர் ரெண்டும் எழுதுனா தள்ளிப்போடாதீங்க, தொப்புள்கொடியில ரத்தம் எப்படி ஓடுதுன்னு அதுலதான் தெரியும்.

எந்த ஆஸ்பத்திரின்னு முன்னாடியே முடிவு பண்ணி வைங்க. 24 மணி நேரமும் ஆபரேஷன், ரத்தம், குறைமாச பிள்ளைக்கு ஐசியு மூணும் இருக்கான்னு கேளுங்க, அரசு ஆஸ்பத்திரின்னா சீமாங்க் சென்டர் (பிரசவத்துக்கும் பச்சப்பிள்ளைக்கும் அவசர சிகிச்சை குடுக்குற எடம்) உங்க ஊருக்கு பக்கத்துல எதுன்னு செவிலியர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. 108க்கு போன் பண்ணா "கர்ப்பிணி, எட்டாம் மாசம், பிபி 170, தலைவலி"ன்னு முதல் வரியிலயே சொல்லுங்க. நோட்டையும் தாய் சேய் அட்டையையும் ஒரே கவர்ல கதவு பக்கத்துல மாட்டி வைங்க. வீட்டுலயே வலிப்பு வந்துட்டா இடது பக்கம் திருப்பி படுக்க வைங்க, வாயில ஸ்பூன், துணி, தண்ணி எதுவும் வேணாம், கையில சாவி குடுத்துக்கிட்டு நேரத்த போக்காதீங்க, வண்டிய கூப்பிடுங்க.

பிள்ளை பொறந்துருச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு மெஷின பரண்ல ஏத்தாதீங்க. பிரசவம் ஆகி மூணுல இருந்து ஆறு நாளைக்குள்ளதான் பிபி உச்சத்துக்கு போகும், சரியா வீட்டுக்கு வந்து பத்திய சாப்பாடு, குளிக்க வைக்கிறதுன்னு எல்லாரும் பிள்ளைய சுத்தி நிக்கிற நாள். அதுவரைக்கும் பிபியே இல்லாதவங்களுக்கும் அப்ப புதுசா வரலாம். ஆறு வாரம் வரைக்கும் அதே நோட்டு, அதே நாற்காலி. தலைவலின்னு சொன்னா தூக்கம் பத்தலன்னு முடிவு கட்டாம பட்டிய கட்டுங்க. அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிபி, சுகர், யூரின் பாக்கணும், இது வந்தவங்களுக்கு பின்னாடி இதய வியாதி வர்ற வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. நாப்பது வயசுல வேற ஏதோ காரணத்துக்கு டாக்டர்கிட்ட போனாலும் "எனக்கு பிரசவத்துல பிபி வந்துச்சு"ன்னு வாய தொறந்து சொல்லணும், அவங்களா கேக்க மாட்டாங்க. அக்கா இப்ப ஒவ்வொரு வருஷமும் பையன் பொறந்தநாள் அன்னைக்கு காலையில, கேக் வெட்டுறதுக்கு முன்னாடி, அந்த நாற்காலியில அஞ்சு நிமிஷம் உக்காந்து பாக்குறா. போன தடவ 118/76, அவன்தான் நோட்டுல எழுதுனான்.